சம்பூர்ணத்தின் முள்ளுமண்டையன்

பள்ளிகொண்டா கோபுரம் ஜன்னலைத் தாண்டிப் பின்னால் போனதும் சம்பூர்ணம் தன் சாப்பாட்டுப் பையைப் பக்கத்துச் சீட்டு கெங்கம்மாளின் மடியில் வைத்துவிட்டு எழுந்து நிற்பார். ஒரு கை மேல் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு கை கதைக்கு. "நேத்து எங்க வுட்டேன்?" என்று கேட்பார். எங்கே விட்டார் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். பஸ்ஸுக்குத் தெரிகிறதா என்று பார்க்கத்தான் அந்தக் கேள்வி.

"பாலத்துல. வெள்ளச் சட்டைக்காரன் கத்தியத் தூக்கிட்டான்" என்று பின் சீட்டிலிருந்து யாராவது சொல்வார்கள்.

"அப்ப நம்மாளு இன்னா பண்ணிக்கினு இருந்தான்?"

"சாப்டுக்கினு இருந்தான்."

"அதான். கத்தி வருதுன்னு சோத்த வுட்டுடுவானா அவன்?"

பஸ் சிரிக்கும். கதை புறப்பட்டுவிடும்.

ஆம்பூரில் வெளிநாட்டுக்கு ஷூ தைத்து அனுப்பும் ஒரு கம்பெனியின் பஸ் அது. பள்ளிகொண்டா பக்கத்து ஊர்களில் பெண்களை அள்ளிக்கொண்டு காலையில் போகும், சாயங்காலம் கொண்டுவந்து கொட்டும். ஓட்டுநர் செல்வகுமாரிடம் பாட்டு கேசட்டுகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. சம்பூர்ணம் எழுந்து நின்றால் அவர் பாட்டின் சத்தத்தைக் குறைப்பார். கதை நன்றாக இருந்தால் குறைத்த சத்தம் குறைத்தபடியே இருக்கும். சுவை கெட்டால் மெல்ல ஏறும். சம்பூர்ணத்துக்கு விமர்சகர் என்று யாராவது உண்டென்றால் அது அந்தச் சத்தம் வைக்கிற திருகுதான்.

சம்பூர்ணத்துக்கு நாற்பதை ஒட்டிய வயது. குள்ளம். கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, ஷூ தைக்கிற மெழுகு நூலால் கட்டப்பட்டிருக்கும். குரல் மட்டும் ஆளைவிட இரண்டு மடங்கு பெரியது. பத்து வருஷத்துக்கு மேலாகச் சுத்தியல் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகிய குரல், வீட்டுக்குப் போனாலும் இறங்குவதில்லை. கணவர் ராமலிங்கம் தென்னந்தோப்பில் வேலை செய்பவர். மரத்தின் உச்சியில் இருந்தாலும் இவர் கீழே பேசுவது அட்சரம் பிசகாமல் கேட்கும் என்பார். அதைப் பெருமையாகச் சொல்கிறாரா புகாராகச் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது.

கம்பெனியில் சம்பூர்ணம் டேபிள் வேலை. ஷூவின் மேல்தோல் துண்டுகளின் ஓரத்தில் பசை தடவி, மடித்து, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டித் தட்டையாக்க வேண்டும். இந்த வேலையை நின்றுகொண்டுதான் செய்ய வேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் சட்டம். தட்டிய துண்டுகள் அடுத்த வரிசைக்குப் போகும். அங்கே தையல் மிஷின்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டூல், ஒவ்வொரு ஸ்டூலிலும் ஒரு பெண். சம்பூர்ணம் மூன்று முறை மிஷின் டிரையலுக்குப் போய் மூன்று முறையும் தோற்றவர். கால் கனம். மிதித்தால் மிஷின் பிய்த்துக்கொண்டு ஓடும். மூன்றாவது தடவைக்குப் பிறகு, "எனக்கு எதுக்குடி மிஷினு, நின்னுக்கினே இருந்தாதான் உடம்பு நல்லாருக்கும்" என்று சொல்ல ஆரம்பித்தார். சொல்லிச் சொல்லி அது அவருடைய கொள்கை மாதிரியே ஆகிவிட்டது. வீட்டில் ராமலிங்கம் உப்பை வறுத்துத் துணியில் கட்டி முழங்காலுக்கு ஒத்தடம் கொடுப்பது பஸ்ஸுக்குத் தெரியாது. கால் வலிப்பது கெங்கம்மாளுக்கு மட்டும் தெரியும். எதிர் டேபிளில் நிற்பவர், சம்பூர்ணம் யாரும் பார்க்காதபோது ஒரு காலைத் தூக்கி அடியிலிருக்கும் பெட்டியில் முட்டியை வைத்துக்கொள்வதைப் பல நாள் பார்த்தவர்.

அந்த ஸ்டூல் சம்பூர்ணத்துக்கு வேண்டும். வேறு எதைவிடவும் வேண்டும். அதை வாய்விட்டுச் சொல்வதற்கு மட்டும் வாய் வரவில்லை.

கதைநாயகன் வந்த கதை இது. இரண்டாயிரத்து நான்காம் வருஷம் ஒரு புது மாடல் விஷயமாக ஜப்பான்காரர் ஒருவர் வந்து சில மாதம் கம்பெனி விடுதியில் தங்கினார். அவர் போன பிறகு அறையில் கிடந்த பழைய தாள்கள் டேபிள் பிரிவுக்கு வந்தன. பசை சிந்தினால் மேஜை கெடாமலிருக்கப் பழைய தாளைப் பரப்பிக்கொண்டுதான் வேலை செய்வார்கள். அந்தத் தாள் கட்டுக்குள் செங்கல் கனத்துக்கு ஒரு படக்கதைப் புத்தகம் இருந்தது. சம்பூர்ணம் கிழிப்பதற்காக எடுத்தார், ஒரு பக்கம் பார்த்தார், இன்னொரு பக்கம் பார்த்தார், பிறகு முந்தாநாள் பேப்பரை விரித்துப் பசை தடவப் போய்விட்டார். புத்தகம் அவருடைய சாப்பாட்டுப் பையில் ஏறிக்கொண்டது.

எழுத்து ஒன்றும் புரியாது. படம் பேசியது. தலைமயிர் கருவேல முள் மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும் ஒருவன், மலைமேல் ஒரு கோட்டை, கோட்டை உச்சியில் யானை அளவுக்கு ஒரு முரசு. சம்பூர்ணம் அவனுக்கு முள்ளுமண்டையன் என்று பெயர் வைத்தார். பெயர் வைத்த நாளிலிருந்து அவன் பஸ்ஸில் பயணம் செய்ய ஆரம்பித்தான்.

"சினிமாவுல ஹீரோ வர்றப்பவே பாட்டு போட்டுக்கினுதான் வர்றான். ஜெயிச்சிட்டேதான் வர்றான். அப்புறம் மூணு மணி நேரம் நாம இன்னாத்துக்கு உக்காந்திருக்கணும்?" என்பது சம்பூர்ணத்தின் கட்சி. அவர் மனதில் ஒரு கதாநாயகன் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத் தீர்மானமான எண்ணங்கள் இருந்தன. முதலில் அவனுக்குப் பசிக்க வேண்டும். "சோத்தப் பாத்து மூஞ்ச திருப்புறவன நம்பாத. அவன் மனசுல இன்னாமோ இருக்குது." அடுத்தது, ரொம்பக் கெட்டிக்காரனாக இருக்கக் கூடாது. கெட்டிக்காரனாக இருந்தால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவான், கதை நடக்காது. அடி வாங்க வேண்டும், நிறைய. ஜெயித்தவனிடம் போய், "நீ எப்படி அடிச்ச, சொல்லிக் குடு" என்று வெட்கமில்லாமல் கேட்க வேண்டும். அவனைவிட நன்றாகச் சண்டை போடுகிற ஒருவன் பக்கத்திலேயே இருந்து அவன் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள வேண்டும்.

இந்தக் கடைசி வேலைக்குப் புத்தகத்தில் வெள்ளைச் சட்டைக்காரன் இருந்தான். சிரிக்க மாட்டான், நெற்றியில் முடி விழுந்திருக்கும், எந்தச் சண்டையிலும் சட்டை அழுக்காகாது. பஸ்ஸில் பாதிப் பேருக்கு முள்ளுமண்டையனைவிட அவன்மேல்தான் கண். மிஷின் வரிசையில் தைக்கும் நந்தினி, "அக்கா, வெள்ளச் சட்டை இன்னிக்கு வருவாரா?" என்று மரியாதையோடு விசாரிப்பாள். சம்பூர்ணத்துக்கு அது கொஞ்சம் பேஜார்தான். "வருவாரு, வருவாரு. உனக்கோசரம் இஸ்திரி போட்டுக்கினு வருவாரு" என்பார். முள்ளுமண்டையன் சாப்பிடுகிற இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தி, உருண்டை பிடித்து, வாயைத் திறந்து, நிதானமாக மென்று காட்டுவார். அதைப் பார்த்துப் பார்த்து ஆளாளுக்கு டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவார்கள். ஆம்பூர் வந்து சேரும்போது மத்தியானச் சாப்பாட்டில் பாதி காலி. வீட்டுக்காரர்கள் அரிசி சீக்கிரம் தீர்கிறதே என்று கேட்டார்களாம்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் இரண்டு மாதம் தாண்டியதும் கதை சம்பூர்ணத்தின் கையை மீறி ஒரு பக்கமாகச் சரிய ஆரம்பித்தது. தொடக்கத்தில் முள்ளுமண்டையன் கோட்டை உச்சியில் நின்று முரசு அடித்துக்கொண்டிருந்தான். கீழே ஊரே ஆரவாரம். வெள்ளைச் சட்டைக்காரன் தோளில் கை போட்டு நின்றான். அங்கிருந்து பக்கம் புரட்டப் புரட்ட ஒவ்வொன்றாகப் போனது. முரசு போனது. கூட்டம் போனது. ஒரே இலையில் சாப்பிட்ட தோஸ்த் கத்தி தூக்கினான், அப்புறம் கல் வீசினான், அப்புறம் யாரென்றே தெரியாதவன் மாதிரி நடந்தான். முள்ளுமண்டையனின் கன்னத்திலிருந்த நீளத் தழும்பு ஒரு நாள் திடீரென்று மறைந்துவிட்டது. சம்பூர்ணம் திகைக்காமல் ஒரு சாமியாரைக் கொண்டுவந்து பச்சிலை அரைத்துப் பூசினார். அவனுக்குச் சண்டை சொல்லிக்கொடுத்த கிழட்டு வாத்தியார் முதலில் குழிக்குள் கிடந்தார், நாலு பக்கம் தள்ளி எழுந்து உட்கார்ந்து டீ குடித்தார். அதற்கும் பச்சிலை போதாதே என்று சம்பூர்ணம் தயங்கியபோது, முன் சீட்டு ஆரோக்கியமேரிதான் காப்பாற்றினார். "மூணாம் நாளா?" என்று கேட்டார். "ஆமா மேரி, மூணாம் நாள்தான்" என்று சம்பூர்ணம் பிடித்துக்கொண்டார். மேரி திருப்தியாகத் தலையசைத்தார். அவருக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பக்கங்களின் கீழே அங்கங்கே எண்கள் இருந்தன. அவை பெரியதிலிருந்து சிறியதாக இறங்கிக்கொண்டு போயின. சம்பூர்ணம் அதைக் கவனிக்காமல் இல்லை. "அவங்க ஊர்ல அப்படித்தான் எண்ணுவாங்க போல" என்று விட்டுவிட்டார்.

கடைசியில் ஒரே ஒரு படம் மிச்சம். மிகச் சின்னப் பையனாகிவிட்ட முள்ளுமண்டையன் ஒரு பாறைமேல் தன்னந்தனியாக நின்று வாயைப் பிளந்து அழுகிறான். கீழே ஊர் ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். சம்பூர்ணத்துக்கு அதைச் சொல்ல மனசு வரவில்லை. எல்லாம் இருந்தவன், ஒன்றும் இல்லாமல், நாலு பேர் சிரிக்க நின்று அழுகிறான், கதை முடிந்தது என்று எப்படிச் சொல்வது? இரண்டு நாள் இழுத்தடித்தார். மழை பெய்வித்தார். ஒரு மாட்டைத் தொலைத்துத் தேடினார்.

"இன்னாடி கதை இது" என்றார் கெங்கம்மாள். "நெலா மாதிரி தேஞ்சிக்கினே போறான். ஜெயிப்பானா மாட்டானா, ஒண்ணு சொல்லு. காலங்காத்தால எழுந்து வந்து இத கேக்கணும்னு எனக்கு இன்னா தலையெழுத்து?"

செல்வகுமாரின் கை திருகுக்குப் போனது. பாட்டு ஏறியது. சம்பூர்ணம் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கதை தொடங்கிய பிறகு பஸ்ஸில் அவர் உட்கார்ந்து போன முதல் காலை அதுதான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மனசு கசந்து கிடந்தது. முள்ளுமண்டையனுக்காக மட்டும் கசந்த மாதிரி அவருக்கே தோன்றவில்லை.

அன்றைக்குத் தேநீர் வேளையில் நிசார் அஹமது வந்தார். தட்டி முடித்த துண்டுகளைச் சரிபார்த்துத் தட்டுத் தட்டாக எடுத்துப் போகிறவர், பேர்ணாம்பட்டில் உருதுப் பள்ளியில் படித்தவர். மேஜையில் கிடந்த புத்தகத்தை எடுத்தார். எடுத்த கை பழக்கத்தில், சம்பூர்ணத்துக்குப் பின்அட்டையாக இருந்த பக்கத்தைத் திறந்து, வலமிருந்து இடமாகப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு இடத்தில் சிரித்தார். இன்னொரு இடத்தில், "அடப்பாவி, நல்லா வாங்குறான்" என்றார். கொஞ்ச நேரத்தில் டீயை மறந்துவிட்டார்.

"பாய், அந்தப் பக்கத்துல இருந்து இன்னா பாக்குறீங்க? முடிவத்தான் மொதல்ல பாப்பீங்களா?" என்றார் சம்பூர்ணம்.

"முடிவா? இதாம்மா ஆரம்பம். எங்க உருது புஸ்தகம் இப்படித்தான் தெறப்போம். பாரு, இவன் இங்க பொடியன். போவப் போவ வளர்றான். இங்க அடி வாங்குறான், இந்தத் தழும்பு அப்பதான் வருது. பாரு, நம்பர் கூட ஒண்ணு ரெண்டுன்னு சரியாத்தான் போவுது."

"தழும்பு வருதா? போச்சு இல்ல அது?"

"தழும்பு எங்கம்மா போவும்?"

சம்பூர்ணம் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்று மாதம் ஒரு பஸ்ஸுக்கே சொன்ன கதை. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் விட்டுவிட முடியுமா? பாறைமேல் நின்ற பையனின் படத்தைப் புரட்டிக் காட்டினார். "அப்ப இது இன்னா? ஆரம்பத்துலயே அழுதுக்கினா நிப்பான்?"

நிசார் அஹமது புத்தகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கண்ணுல தண்ணியே இல்லியேம்மா. கைய பாரு, எங்க காட்டுது?"

சம்பூர்ணம் பார்த்தார். எத்தனையோ தடவை பார்த்த படம். அந்தக் கை பக்கத்தின் மூலையில் ஒரு கோட்டையைக் காட்டியது. கோட்டை உச்சியில் ஒரு புள்ளி. முரசு.

"இவன் அழல" என்றார் நிசார் அஹமது. "எனக்கு அது வேணும்னு கத்துறான். ஊர் சிரிக்குது. அவ்ளோதான்." டீ ஆறிப்போயிருந்தது. ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

சம்பூர்ணம் மணி அடித்த பிறகும் கொஞ்ச நேரம் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. தொலைந்துபோன பிள்ளை வீட்டுக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தவர் போல ஆகிவிட்டார்.

மறுநாள் காலை கோபுரம் தாண்டும் வரைகூட அவரால் பொறுக்க முடியவில்லை. "எல்லாரும் கேட்டுக்குங்க. இவ்ளோ நாளா நான் கதைய தலைகீழா சொல்லிட்டேன். முடிவுல ஆரம்பிச்சிட்டேன். இன்னிலருந்து மொதல்ல இருந்து."

பஸ் அமர்க்களப்பட்டது. இத்தனை நாள் கேட்டதற்கு என்ன பதில் என்று கெங்கம்மாள் சண்டைக்கு வந்தார். வெள்ளைச் சட்டைக்காரன் கடைசியில் நல்லவனாகிறானா என்று நந்தினி கேட்டாள். ஆகிறான், ஒரே இலையில் சாப்பிடுகிறான் என்றதும் அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆரோக்கியமேரி மட்டும் மெதுவாகக் கேட்டார். "அப்ப அந்த வாத்தியாரு?"

"செத்துட்டாரு மேரி."

"எழுந்துக்கல?"

"இல்ல."

மேரி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "போவட்டும். நல்ல மனுஷன்" என்றார்.

சம்பூர்ணம் ஆரம்பித்தார். ஒன்றும் தெரியாத ஒரு பொடியன். மரம் ஏறத் தெரியாது, கத்தி பிடிக்கத் தெரியாது, செருப்புக்கூட இல்லை. ஊரில் சந்தை. எல்லாரும் கூடியிருக்கிறார்கள். அவன் பாறைமேல் ஏறுகிறான். இந்த இடத்தில் சம்பூர்ணம் கம்பியைப் பிடித்திருந்த கையையும் விட்டுவிட்டார். ஒரு கையை நீட்டி, வாயைத் திறந்து, "அந்த முரச நான் அடிப்பேன்" என்று கத்தினார். மாதனூர் ரோட்டில் சைக்கிளில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். செல்வகுமார் பிரேக் போட்டார். சம்பூர்ணம் ஆரோக்கியமேரியின் மடியில் உட்கார்ந்து எழுந்தார்.

"ஊரே சிரிக்குது. உன் மூஞ்சிக்கு முரசான்றாங்க. இவன் இறங்கல. இன்னொரு வாட்டி கத்துறான்." மூச்சு வாங்கிக்கொண்டு, புதிதாகக் கண்டுபிடித்ததைச் சொன்னார். "இவ்ளோ நாள் நான் உங்களுக்குச் சொன்னதுல இத வுட்டுட்டேன். பசி, அடி, தோஸ்த்து எல்லாம் அப்புறம். இன்னா வேணும்னு நாலு பேர் எதிர்ல வாய்விட்டுக் கேக்கணும். கேட்டுட்டா அப்புறம் பின்னாடி போவ முடியாது இல்ல? சும்மா மனசுக்குள்ளயே வெச்சிக்கினு இருக்கறவன் ஹீரோ இல்ல. அவன் கூட்டத்துல நிக்கிறவன்."

கெங்கம்மாள் பையை மடியில் வைத்தபடி அண்ணாந்து பார்த்தார். "உனக்கு இன்னா வேணும்?" என்றார்.

"எனக்கா? கதைய கேளுடி."

"கதை இருக்கட்டும். பத்து வருஷமா எதிர்ல நிக்கிறேன். எதுனா ஒண்ணு வேணும்னு நீ சொல்லி நான் கேட்டதில்ல. புது மிஷின் லைன் போடறாங்க, நெல்வின் சார் டிரையலுக்குப் பேர் எழுதறாரு. உன் முட்டி பெட்டிமேல ஏறுறத நான் பாக்கலன்னு நெனைச்சியா?"

சம்பூர்ணம் மேல் கம்பியை மறுபடி பிடித்துக்கொண்டார். வயசாகிவிட்டது என்று சொல்லலாம். நின்றுகொண்டே இருந்தால் உடம்பு நல்லது என்று சொல்லலாம், அது வாயிலேயே தயாராக இருந்தது. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

"மிஷின்" என்றார்.

"கேக்கல" என்றார் கெங்கம்மாள். ஈவு இரக்கம் இல்லாதவர்.

"எனக்கு மிஷின் வேணும்டி. உக்காந்து தைக்கணும். கால் வலிக்குது." அந்தப் பெரிய குரல் திரும்பி வந்துவிட்டது. "மூணு வாட்டி தோத்துட்டேன். நாலாவது வாட்டி போவப் போறேன். சிரிக்கறவங்க சிரிச்சிக்குங்க."

பின் சீட்டில் இரண்டு பேர் நிஜமாகவே சிரித்தார்கள். நாலாவது வாட்டியா என்று ஒருத்தி கேட்டாள். சம்பூர்ணத்துக்கு முகம் சுட்டது. ஆனால் சிரிப்பு அவர் பயந்த அளவுக்குப் பெரிதாக இல்லை. செல்வகுமார் கேசட்டை நிறுத்தியேவிட்டார்.

டிரையல் சனிக்கிழமை, வேலை முடிந்த பிறகு. மிஷின் லைன் சூப்பர்வைசர் நெல்வின் சத்துவாச்சாரிப் பையன், மெதுவாகப் பேசுகிறவர், டிரையலுக்கு வருகிறவர்களைவிட அவர்தான் அதிகம் படபடப்பார். டிரையலில் முதலில் தோல் கிடையாது, நூலும் கிடையாது. கோடு அச்சடித்த தாளை வெறும் ஊசிக்கு அடியில் விட்டு, கோட்டின்மேலேயே பொத்தல் விழும்படி ஓட்ட வேண்டும். முதலில் நேர்கோடு, பிறகு அலை, பிறகு சுருள். கோடு தாண்டி நாலைந்து பொத்தல் விழுந்தால் போய் வா என்று அர்த்தம்.

முதல் தாள் நேர்கோட்டிலேயே பிய்த்துக்கொண்டு ஓடியது. அதே பழைய கால். சம்பூர்ணம் தாளைக் கசக்கவில்லை. பக்கத்து மிஷினில் டிரையல் கொடுத்துக்கொண்டிருந்த இருபது வயதுப் பெண்ணைப் பார்த்தார். அழகாக, சத்தமில்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தாள். போன மூன்று தடவையும் இப்படிப்பட்ட பெண்களைப் பார்த்துத்தான் எழுந்து போயிருந்தார்.

"ஏம்மா, நீ எப்படி மிதிக்கிற? சொல்லிக் குடு."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. "குதிகால கீழ வெச்சிக்குங்கக்கா. வெரலால மட்டும் அமுக்குங்க. செருப்ப கழட்டிட்டா நல்லாத் தெரியும்."

சம்பூர்ணம் செருப்பைக் கழற்றினார். இரண்டாவது தாள் ஓடியது. ஓடியது என்பதைவிட நடந்தது என்று சொல்லலாம். நேர்கோடு முடிந்தது. அலை முடிந்தது. சுருளில் ஒரு வளைவில் கால் பழைய ஞாபகத்தில் அமுங்கிவிட்டது. ஊசி வழுக்கியது. சம்பூர்ணம் நிறுத்தினார், ஊசியைத் தூக்கினார், தாளைத் திருப்பிக் கோட்டுக்குக் கொண்டுவந்து வைத்தார், மறுபடி ஆரம்பித்தார். நெல்வின் பின்னால் நின்று மூச்சுக்கூட விடவில்லை.

தாளைத் தூக்கி விளக்கில் பிடித்துப் பார்த்தார் நெல்வின். "ஒரு இடம் வழுக்கிடுச்சு அக்கா."

"ஆமா சார்."

"பரவால்ல. தோல்ல பழகினா சரியாய்டும். திங்கக்கிழமை டேபிளுக்குப் போவாதீங்க. நேரா புது லைனுக்கு வாங்க, ஸ்டூல் ஒண்ணு எடுத்துக்குங்க."

சம்பூர்ணம் செருப்பை மாட்டிக்கொண்டார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். "சார், அந்தத் தாள் எனக்கு வேணும்" என்றார். நெல்வின் கொடுத்துவிட்டார்.

பஸ் கிளம்பாமல் நின்றுகொண்டிருந்தது. நேரமாகிறது என்று யாரும் செல்வகுமாரை அவசரப்படுத்தவில்லை. சம்பூர்ணம் படியேறினார். எல்லா முகமும் அவர் பக்கம். மேற்குப் பக்கச் சீட்டில் இருந்தவர்களைத் தாண்டிக் குனிந்து, கையிலிருந்த தாளை ஜன்னல் கண்ணாடியில் வைத்து உள்ளங்கையால் நீவினார். சாயங்கால வெயில் பின்னாலிருந்து விழுந்தது. நேர்கோடு, அலை, சுருள் என்று பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தது. கெங்கம்மாள் பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். அவர் கண் சுருளுக்குப் போவதற்கு முன்பே, கோட்டை விட்டு வெளியே விழுந்திருந்த அந்த ஒரே பொத்தலின்மேல் சம்பூர்ணம் தன் விரலை வைத்து, பஸ் முழுக்கப் பார்க்கும்படி காட்டிக்கொண்டு நின்றார்.